அழிஞ்சிடாதுல்ல

கொரடாச்சேரி தாண்டியதும்
பாதிச் சாலையில் குறுவை நெல் காய்கிறது.
மீதிப் பாதியில்
மினிபஸ், டிராக்டர், எதிரே வரும் தண்ணி லாரி, நான்.
முதுகில் மடிக்கணினி,
கால்களுக்கு நடுவே புரொஜக்டர்,
பையில் ஒன்றிய அலுவலகப் படிவம்:
ஆசிரியர் திறன்பலகையைப் பயன்படுத்துகிறாரா?
ஆம். இல்லை.
மூன்றாவது கட்டம் கிடையாது.

வெண்ணாற்றங்கரையில் இரண்டே அறைப் பள்ளி.
பலகை வந்து ஏழு மாதம்.
பூப்போட்ட துண்டால் மூடியிருக்கிறது,
ஓரத்தில் போன வாரத்துச் சந்தனம், குங்குமம்.
"ஆயுதபூசை மட்டும் தவறாமப் பண்ணிட்டோம் சார்"
என்றார் தையல்நாயகி டீச்சர். சிரிக்கவில்லை.
வாசலிலேயே நான் 'இல்லை'யில் டிக் போட்டுவிட்டேன்,
பேனாவால்.

பிறகு பேசினேன்.
க்யூஆர் குறியீடு, காணொளி, வினாடிவினா,
திருவாரூர்ப் பயிற்சியில் எனக்குச் சொன்னதையெல்லாம்
அதே மூச்சில், அதே இடங்களில் அதே ஜோக்குகளோடு.
மொத்தம் நாற்பத்தொரு ஸ்லைடு.
பதினான்காவதில் கரண்ட் போனது.
நல்லவேளை.

மின்விசிறி நின்ற பிறகுதான்
வெளியே கால்களால் நெல்லைத் துழாவும் சத்தம் கேட்டது.
"எங்க நெல்லும் அதுல கெடக்கு" என்றார்.
நேற்று கொள்முதல் நிலையத்தில்
மெஷின் பத்தொன்பது காட்டியதாம்.
பதினேழுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கமாட்டார்கள்.
நாற்பது மூட்டையும் மறுபடி தார்ச்சாலைக்கு.
"உங்க மெஷின் என்னைய என்ன நம்பர் சொல்லுமோ."

கரண்ட் வந்தது.
பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.
"தொட்டா உள்ள எதுவும் அழிஞ்சிடாதுல்ல சார்?"

இருபத்தாறு வருடம் கரும்பலகை துடைத்த கை.
டஸ்டர் தேய்ந்தபோது முந்தானையால்,
முந்தானையும் நனைந்த ஐப்பசியில் உள்ளங்கையால்.
எத்தனை கூட்டல், எத்தனை உயிர்மெய்,
கோணலாகப் போன எத்தனை தமிழ்நாட்டுப் படம்,
யோசிக்காமல் அழித்த கை
கண்ணாடிக்கு அரையடி முன்னால்
வியர்த்து நிற்கிறது.

என் நாற்பத்தொன்றில் எதிலும்
இதற்குப் பதில் இல்லை.

மடிக்கணினியை மூடினேன்.
"எதையாவது கெடுத்துத்தான் பாருங்களேன் டீச்சர்."
வட்டம் போட்டார். பூசணிக்காயாக வந்தது.
கீழே வளைந்து கிடந்த அம்புக்குறியைக் காட்டினேன்.
தொட்டார். பூசணிக்காய் இல்லை.
பக்கத்து அம்பைத் தொட்டார். இருந்தது.
இல்லை. இருந்தது. இல்லை. இருந்தது.
நான்காம் வகுப்பு தரையில் உட்கார்ந்தபடி
எண்ண ஆரம்பித்துவிட்டது, பதினொன்று வரைக்கும்.

அதற்குப் பிறகு நான் அங்கே இருப்பதை
அவர் மறந்துபோனார்.
"சபூரா, எந்திரி. அந்தக் கழித்தலைப் போடு."
நானூற்று இரண்டில் நூற்று எழுபத்தெட்டு.
சபூரா போட்டாள். முந்நூற்று இருபத்து நாலு.
தப்பு என்று சொல்லவில்லை டீச்சர்.
அம்பைத் தொட்டார். ஓர் இலக்கம் மறைந்தது.
"இங்கயா?"
"இல்ல டீச்சர்."
இன்னொன்று. "இங்க?"
கணக்கு பின்பக்கமாக நடந்துபோவதை
வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது வகுப்பு.
"நிறுத்துங்க, நிறுத்துங்க!" சபூராதான் கத்தினாள்.
நூறிடம் கடன் வாங்கியிருக்கிறாள்,
அங்கே ஒன்றைக் குறைக்கவில்லை.

அந்த அம்பு இதற்கும் ஆகும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
எந்த ஸ்லைடில் சேர்ப்பது என்றும் தெரியவில்லை.

திரும்பும்போது
படிவத்தை எடுத்துப் பார்த்தேன்.
அடித்துத் திருத்தினால் மேலே கேள்வி வரும்.
வரட்டும் என்று அடித்தேன், கொஞ்சம் அசிங்கமாகவே.

ராத்திரி எட்டே கால். வாட்ஸப்.
பலகையில் ஏதோ சந்தேகம் என்று திறந்தால்
கலங்கலாக ஒரு போட்டோ:
ஈரப்பத மெஷினின் முகம், பதினாறு புள்ளி எட்டு.
கீழே, ஒற்று விடாமல், டீச்சர் தமிழில்:
எடுத்துக்கொண்டார்கள்.
நாளைக்கு வகுத்தல்.